புகை போகும் வழி

தீவுகளில் இரும்புக்கு ஆயுள் குறைவு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்லும் ஒருவர், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என ஊர்கள் கழியக் கழிய, வீட்டுப் படலைகளின் பிணைச்சல்களை உற்றுநோக்குவாராயின் இவ்வுண்மையை எளிதிற் கண்டுகொள்வர். சோளகம் வீசும் மாதங்களிற் கடல்நீர் கண்ணுக்குப் புலப்படாத திவலையாய்க் காற்றோடு ஏறிவந்து, ஆணி, தகரம், துவிச்சக்கர வண்டி, மோட்டார் வண்டி என்ற வேறுபாடின்றி யாவற்றின்மீதும் படிகின்றது. நெடுந்தீவிற் பவளக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்கள் தலைமுறைகளைக் கடந்து நிற்க, படகேறி அங்கு சென்ற இரும்போ சில ஆண்டுகளிற் பொருக்காகி உதிர்கின்றது. இரும்பினுள்ளும் விரைந்து சாவது மோட்டார் வண்டியின் புகைக்குழாய். வெளியிலிருந்து உப்பும், உள்ளிருந்து எரிபொருள் எரியும்போது பிறக்கும் நீரும் அமிலமும் ஒருங்கே அதனைத் தின்கின்றன. ஆதலின் தீவுப்பகுதிச் சாரதிகளுக்குப் புகைக்குழாய் ஓட்டை என்பது செய்தியன்று. தடிமன், காய்ச்சல் போல அது வரும், போகும். வேலணையில் வாழும் வாடகைக் கார்ச் சாரதி ஒருவர், 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமது காருக்கு வந்த ஓட்டையைப் பல மாதங்கள் பொருட்படுத்தாது விட்டமைக்கு இப்பழக்கமே முதற் காரணம் எனலாம்.

அவரிடமுள்ளது மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மைனர், 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றோடு மைனரும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துவருகின்றது. திருமணத்துக்கும் அதுவே, மரண வீட்டுக்கும் அதுவே. பிரித்துப் பூட்டுவதற்கு எளிய எஞ்சின், குறுகிய ஒழுங்கைகளில் திரும்பவல்ல சிற்றுடல், எவ்வளவு அடித்தாலும் தாங்கும் தகடு என்பன அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணமாயின. இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையமொன்று, 1990களில் இக்காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முனைந்தது. தெற்கிலே அம்முயற்சி நடந்த காலத்தில், வடக்கிலே அதே கார் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

தீவுகளை விட்டு மக்கள் பெயர்ந்த காலத்திற் சாரதியும் பெயர்ந்து நகரின் அயலிற் குடியிருந்தார். 1993இல், கனடாவுக்குப் புறப்பட்ட ஒருவரிடமிருந்து இக்காரை வாங்கினார். பொருளாதாரத் தடை நிலவிய அந்நாளிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டம். பெற்றோல் இல்லாத ஊரிற் காருக்கு என்ன விலை இருக்கப்போகிறது? கையிலிருந்த சிறு பணமே போதியதாயிற்று. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலைச் சொட்டவிட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது அக்காலத்து வழக்கம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது; அதற்குச் சூடு வேண்டும். மைனர் எஞ்சினின் இயல்பான வார்ப்பிரும்பு மனிபோல்டில், உள்ளே செல்லும் கலவையின் பாதையும் வெளியே வரும் புகையின் பாதையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைந்திருக்கும். வெளியேறும் புகையின் வெப்பம் உட்செல்லும் எரிபொருளை ஆவியாக்க உதவும். 1940களின் இறுதியில் வந்த பேர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகையும் இதே நெறியிற்றான் பெற்றோலில் எழுந்து மலிந்த எண்ணெயில் உழுதது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் நூல் பார்த்து இதனைச் செய்யவில்லை, பட்டறிந்து செய்தார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழைக்குள்ளே நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவில், இக்கார் மூன்று போத்தல் மண்ணெண்ணெயோடு அச்சனத்திரளுக்கு நடுவே ஊர்ந்தது. பின்னிருக்கையில் விதவையாகிய தமக்கையார். அவர் மடியில் ஏழு வயது மகன். எஞ்சிய இடமெல்லாம் பானை சட்டியும் பாயும். நடந்து செல்வோரை விட விரைவாகக் கார் செல்லவில்லை, செல்லவும் முடியாது. எஞ்சின் நின்றுவிட்டால் மீள உயிர்ப்பிக்கப் பெற்றோல் ஒரு துளியும் இல்லை. ஆகவே இரவு முழுவதும் அதனை அணைக்காமலே சாவகச்சேரி வரை கொண்டுசென்றார். அந்தச் சிறுவன் பின்னர் இலண்டன் சென்று படித்து, அங்கேயே தொழிலும் குடும்பமுமாக அமைந்துவிட்டான். எத்தனை உயர்ந்த கார்களில் ஏறினாலும் தன் உயிரைக் கொண்டுபோன கார் வேலணையில் நிற்கின்றது என்று அவன் தன் மனைவியிடம் அடிக்கடி சொல்வானாம்.

போர் ஓய்ந்தபின் சாரதி ஊர் மீண்டார். நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்க வருவோரை நகரிலிருந்து வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுசென்று, படகிலிருந்து அவர்கள் மீளும் வரை காத்திருந்து திருப்பியழைத்து வருவது அவர் பிழைப்பாயிற்று. 2022இல் நாடெங்கும் எரிபொருள் நெருக்கடி வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கீடு வருமுன்னர்ப் பல வாரங்கள் கார் முற்றத்திலேயே நின்றது. முன்னைய அநுபவத்தால் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடலாமென்றால், அவ்வாண்டில் மண்ணெண்ணெயுமன்றோ இல்லாதொழிந்தது! நின்ற காரின் மனிபோல்டிலே துரு புகுந்து, முன்னமே இருந்த மயிரிழை வெடிப்பு விரிந்தது. வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது வெல்டிங் வேலையிற் கடினமானது. முன்னும் பின்னும் மெல்லச் சூடேற்றி மெல்ல ஆறவிடாவிட்டால் ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே மீண்டும் வெடிக்கும். இங்கும் அவ்வாறே இருமுறை வெடித்தது. 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையாற் பழைய கார்களுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் வந்திருந்த மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை.

செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட மருமகன், 2023 ஆனித் திருவிழாவுக்கு வந்தபோது தன் பெட்டியிலே தாயாருக்கான சேலைகளுக்கு நடுவே இரு பொருள்களைச் சுற்றிக் கொண்டுவந்தான். ஒன்று, உருக்குக் குழாய்களை வளைத்துப் பொருத்திய மூன்று கிளைப் புகைக்குழாய்; மற்றையது, அதனோடு சேரவேண்டிய அலுமினிய உட்செல் மனிபோல்ட். விடுமுறை நாள்களிற் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டும் ஆர்வம் அவனுக்கு உண்டு.

மைனரின் எஞ்சினுக்குச் சிலிண்டர் நான்காயினும் புகை வெளியேறும் வாயில்கள் மூன்றே. முதலாவதும் நான்காவதும் தனித்தனி வாயிலுடையன; இரண்டாவதும் மூன்றாவதும் நடுவேயுள்ள ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றுக்கு இடையிடையே உட்செல் வாயில்கள் இரண்டு. ஆக ஒரே பக்கத்தில் ஐந்து வாயில்கள். வார்ப்பிரும்பு மனிபோல்டிற் புகையெல்லாம் ஒரு சிறு அறைக்குள் முட்டி மோதிக்கொண்டு வெளியேறும். மூன்று கிளைக் குழாயிலோ ஒவ்வொன்றும் தன் வழியே நெடுந்தூரம் ஓடிப் பின்னரே மற்றையவற்றோடு கூடும். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து செல்லும் புகை தன்பின்னே வெறுமையை விட்டுச்செல்ல, அவ்வெறுமை அடுத்ததன் புகையை இழுத்தெடுக்கும். எஞ்சின் இலகுவாக மூச்சுவிடும். ஏற்றத்தில் வலு கூடும். பந்தயக் காரர்களின் கண்டுபிடிப்பு இது. தீவுகளில் ஏற்றமேது என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் வெடித்த வார்ப்பிரும்புக்கு மாற்றாக அவனாற் பெட்டியிலே தூக்கிவரக்கூடியது இதுவாகவே இருந்தது.

வேப்பமரத்தின் கீழே ஒரு பகற்பொழுதில் மாமனும் மருமகனுமாகப் பூட்டி முடித்தார்கள். தமக்கையார் தேநீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்து, மகனின் கையிலே பட்டிருந்த கரியைப் பார்த்துச் சிரித்தார். எஞ்சின் எழுந்தபோது அதன் குரல் மாறியிருந்தது. சற்றுக் கனத்த, இளமையான குரல். "மாமா, முந்நூறு மைல் ஓடினபிறகு நட்டுகளை ஒருக்கால் திருப்பி இறுக்கவேணும், மறந்துபோகாதையுங்கோ" என்று மருமகன் விமான நிலையத்துக்குப் புறப்படும்போதும் நினைவூட்டினான். புதிய கஸ்கெற் முதன்முறை சூடேறி ஆறும்போது அமுங்கித் தளரும் என்பது அறிந்தார் அறிந்ததே. முப்பது ஆண்டு காரோட்டிய மாமனாருக்கு இதனைச் சொல்லவும் வேண்டுமா என்ற எண்ணமோ, திருவிழாக் காலத்து ஓட்டமோ, ஏதோ ஒன்று தடுத்தது. நட்டுகள் இறுக்கப்படவில்லை.

ஆவணி பிறந்ததும் காலையில் எஞ்சினை எழுப்பும்போது பல்லி சொல்வதுபோல் 'டிக், டிக்' என்றொரு ஒலி கேட்கலாயிற்று. கார் கால் மணி நேரம் ஓடியதும் ஒலி மறைந்துவிடும். வால்வின் இடைவெளி கூடிவிட்டது போலும் எனக் கருதிய சாரதி, அதனை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு என்ற அளவுக்குத் தாமே சரிபார்த்தார். ஒலி போகவில்லை. குளிர்ந்த நிலையில் விளிம்புக்கும் எஞ்சின் தலைக்கும் இடையே இருக்கும் சிறு நீக்கல் வழியே புகை துடித்து வெளிப்படும்போதும் இவ்வாறேதான் ஒலிக்கும். உலோகம் சூட்டில் விரிந்து நீக்கலை ஓரளவு அடைக்கும்போது ஒலி தணியும். இரண்டும் காதுக்கு ஒன்றாயினும் ஒன்று வெறும் தொந்தரவு, மற்றையது ஆபத்து.

புரட்டாதியில் வேறோர் அடையாளமும் தோன்றியது. வேகத்தைக் குறைப்பதற்குக் காலை எடுக்கும்போதெல்லாம் பின்குழாயிற் படபடவென வெடிச்சத்தம். புகைக்குழாயினுள் அமுக்கம் எப்பொழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. புகை பாய்ந்தோடும் கணத்தில் வெளித்தள்ளும், அடுத்த கணத்தில் உள்ளிழுக்கும். அந்த உள்ளிழுப்பில் நீக்கல் வழியே புதுக்காற்று நுழைந்து, எரியாது வந்த எரிபொருளோடு கூடிக் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கின்றது. அவ்வளவே. ஆனால் தாம்போதியின் நடுவிலே திடீரென எழும் வெடிச்சத்தத்தை இப்பகுதி மக்கள் எவ்வாறு கேட்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னிருக்கையிலிருந்த முதிய பெண்கள் இருமுறை தலையைக் குனிந்துகொண்டார்கள். சாரதி வெட்கினார், பழுதைப் பார்ப்பிக்கவில்லை. பழுதென்று ஒருவரிடம் சொன்னால், மருமகன் செய்த வேலை பிழையென்று சொல்வதாகிவிடுமே என்ற தயக்கம் அவரை விட்டபாடில்லை.

தமக்கையாருக்கு இருதய நோய். மாதந்தோறும் தம்பியின் காரிலேயே யாழ்ப்பாணத்துக்குச் சிகிச்சைக்குச் சென்றுவருவார். பண்ணைக் கடற்காற்று காதை அடைக்கிறது என்று கண்ணாடிகளை முற்றாக உயர்த்திவிட்டு, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொள்வது அவர் வழக்கம். ஆவணி முதலாக ஒவ்வொரு பயணத்திலும் அவருக்குத் தலையிடித்தது, பின் குமட்டிற்று, ஐப்பசியில் அல்லைப்பிட்டிக்கு அருகே காரை நிறுத்தி வாந்தியெடுத்து, நிற்கமாட்டாமல் தெருவோரத்தில் இருந்துவிட்டார். நோய் முற்றுகின்றது என்று தம்பி அஞ்சினார். அவருக்குந்தான் நெடும்பயண நாள்களிற் பொழுதுபட மண்டை கனத்தது. அதனை வெயிலின்மேலும் வயதின்மேலும் போட்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் காருக்கு வேறு ஓட்டம் வந்தமையால் தமக்கையார் பேருந்திற் சென்று வந்தார். கூட்டம்; பாதிவழி நின்றுகொண்டே பயணம். வீட்டுக்கு வந்து காலைக் கழுவியபின் அவர் சொன்னது இவ்வளவே:

"பஸ்ஸிலை போனா எனக்கு ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. உன்ரை காரிலை ஏறினாத்தான் இந்தக் குமட்டல்."

சாரதிக்கு அச்சொல் முள்ளாய்த் தைத்தது. அன்றிரவு உண்ணாமற் படுத்தார். மறுநாள் விடியுமுன் காரை ஊர்காவற்றுறைத் தெருவிலுள்ள ஒரு சிறு கராச்சுக்குக் கொண்டுசென்றார். அதன் உரிமையாளர் மண்ணெண்ணெய்க் காலத்தில் நகரிற் பணிபுரிந்த கைதேர்ந்த மெக்கானிக். தமக்கையாரின் சொல்லைக் கேட்டதும் அவர் ஸ்பனரை எடுக்கவில்லை. சாரதியின் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். "அண்ணை, அக்கா சொன்னதுதான் சரியான வைத்தியம். இனி இது முடியுமட்டும் ஒருத்தரையும் ஏத்தாதையுங்கோ" என்றார்.

எரிபொருள் முற்றாக எரியாதபோது பிறக்கும் காபன் ஓரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்கின்றது. பற்றினால் எளிதில் விடுவதில்லை. உடல் ஒட்சிசனின்றித் தவிக்கின்றது. தலையிடி, குமட்டல், சோர்வு எனப் பிற நோய்களின் வேடத்திலே அத்தவிப்பு வெளிப்படும். ஏலவே குருதியோட்டம் குன்றிய இருதயத்துக்கு இது பன்மடங்கு கேடு. காரின் பின்குழாயில் ஓட்டை விழுந்தால் புகை பெரும்பாலும் காற்றோடு போய்விடும். எஞ்சின் தலையோடு சேரும் இடத்தில் ஓட்டை விழுந்தாலோ புகை மூடிக்குள்ளேயே தங்கி, முன்சுவரின் துவாரங்களைத் தேடும். இக்காரிற் குளிர்நாட்டுக்கென வைத்த சூடாக்கியை முன்னைய உரிமையாளர் எவரோ கழற்றி எறிந்திருந்தார். அது இருந்த இடத்தில் இரு துவாரங்கள் கைவிரல் நுழையும் அளவுக்குத் திறந்தே கிடந்தன. கண்ணாடிகளை உயர்த்திக்கொண்டு அமர்ந்த தமக்கையார் இதன் நேரெதிரே அமர்ந்திருந்தார்.

மெக்கானிக் ஓட்டையைக் கண்டறிந்த முறை எளிமையானது. குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, பின்குழாயை நனைந்த சாக்கினால் அடைக்கச் செய்தார். குழாய் சூடேறுமுன், அந்த ஒரு நிமிடத்துக்குள், சவர்க்கார நீரைத் தூரிகையால் விளிம்புகளிற் பூசினார். நாலாம் வாயிலிலும் நடுவாயிலின் அடியிலும் நுரை கொப்பளித்தது. பின்னர் ஓர் ஊதுபத்தியை ஏற்றிக் குழாய்களின் வளைவுகளை ஒட்டிக் கொண்டுசென்றார். நேராக எழுந்த புகை அவ்விரண்டிடத்திலும் துடித்துச் சிதறியது. கழற்றிப் பார்த்தபோது கஸ்கெற்றின்மேற் கறுத்த கரிக்கோடுகள் புகை போன வழியை வரைந்து காட்டின.

நட்டுகளைத் திரும்ப இறுக்காதது மட்டும் காரணமன்று என்பதும் அப்போது தெரிந்தது. இவ்வெஞ்சினில் உட்செல் மனிபோல்டின் விளிம்பையும் புகைக்குழாயின் விளிம்பையும் ஒரே தடித்த வாசர் பாதி பாதியாக அமுக்கிப் பிடிக்கின்றது. இரு விளிம்புகளும் ஒரே தடிப்பாக இருந்தாலன்றி வாசர் சாய்ந்துவிடும்; தடித்தது இறுகும், மெலிந்தது இறுகாது. மருமகன் கொண்டுவந்த இரண்டும் வெவ்வேறிடத்திற் செய்யப்பட்டவை. அலுமினிய விளிம்பு உருக்கு விளிம்பைவிட ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தடிப்பு. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அலுமினியமே அமுங்கும். போதாக்குறைக்கு, குழாய்களை வெல்டிங் செய்த சூட்டில் உருக்கு விளிம்பு வில்லாக வளைந்துமிருந்தது. உருக்கு அடிமட்டத்தை அதன்மேல் நிறுத்திப் பின்னால் விளக்கைப் பிடித்தபோது நடுவிலே வெளிச்சம் கசிந்தது. ஆகவே சாரதி சொன்னபடி இறுக்கியிருந்தாலும் சில காலம் பிந்தியிருக்குமேயன்றிக் கசிவு வந்தே தீர்ந்திருக்கும். இதைக் கேட்டபோது அவருக்கு ஆறுதல் பிறந்ததா, வருத்தம் மிகுந்ததா என்பதை அவர் முகத்திலிருந்து அறியக்கூடவில்லை.

பழைய வார்ப்பிரும்பையே மீளப் பூட்டலாம் என்றால் அது இருமுறை வெடித்தது. புதியதையே திருத்தவேண்டியிருந்தது. வேலை மூன்று நாள் பிடித்தது. தடித்த கண்ணாடிப் பலகையொன்றின்மேல் அரத்தாளை விரித்து, எண்ணெய் தடவி, உருக்கு விளிம்பை எட்டு வடிவிற் தேய்த்துக்கொண்டேயிருந்தார் மெக்கானிக். உயர்ந்த இடம் மினுங்கும், தாழ்ந்த இடம் கறுத்தே நிற்கும். கறுப்பு முற்றாக மறையும் வரை தேய்க்கவேண்டும். பொறுமையிழந்த சாரதி தாமும் ஒரு நாள் முழுவதும் தேய்த்தார். பின், அலுமினியத்தில் வாசர் அமரும் இடங்களை மட்டும் அரத்தால் மெல்ல மெல்ல இறக்கி, அடிமட்டம் இரு விளிம்புகளையும் ஒருங்கே தொடும்படி செய்தார்கள். கஸ்கெற் பட்ட முகத்தைத் தொடவில்லை. தொட்டால் வேறொரு கசிவுக்கு வழியாகும். ஒட்டியிருந்த பழைய கஸ்கெற் துண்டுகளை நீரால் நனைத்தே சுரண்டினார். அக்காலத்துக் கஸ்கெற்றுகளிற் கல்நார் இருந்தது. வாயால் ஊதித் துடைத்த தலைமுறை அதன் கேட்டைப் பின்னரே அறிந்தது. புதிய கஸ்கெற்றில் அது இல்லையாயினும் அவர் கை நனைத்தே பழகிவிட்டது.

ஸ்ரட்டுகளிலொன்று இழை தேய்ந்திருந்தது, மாற்றினார். உருக்கு நட்டுகளுக்குப் பதிலாகப் பித்தளை நட்டுகளை இட்டார். உப்புக் காற்றில் உருக்கு உருக்கோடு பிணைந்துகொள்ளும், பித்தளை பிணைவதில்லை. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறிமாறி, 15 இறாத்தல் அடி என்ற அளவில் இறுக்கினார். மேலும் இறுக்கினால் நல்லதன்றோ எனச் சாரதி கேட்டதற்கு, "இறுக்கிறதிலை இல்லை அண்ணை, இருக்கிறதிலைதான் இருக்கு" என்று விடையிறுத்தார்.

இன்னுமொன்று எஞ்சியது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடுவது. குழாயோ உடலோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஓரடி நீளமான உருக்குக் குழாய் 500 பாகை சூடேறும்போது ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளும். ஒரு முனையில் ஆட்டமும் மறுமுனையில் இறுக்கமுமாக இருந்தால் முறிவது நடுவிலுள்ள வெல்டிங்கே. குழாயின் முற்பகுதியைக் கியர்ப்பெட்டியோடு சேர்த்துத் தாங்கும் கைத்தகடொன்றைச் செய்து பொருத்தினார். எஞ்சின் ஆடினால் குழாயும் அதனோடு ஆடும். பின்பகுதியை இறப்பர்த் துண்டுகளிலே தொங்கவிட்டார். முன்சுவரின் துவாரங்களைத் தகடும் இறப்பரும் கொண்டு அடைத்தார். சவர்க்கார நீர், ஊதுபத்தி இரண்டும் மீண்டும் வந்தன. இம்முறை புகை நேராக எழுந்தது.

அன்றிரவு சாரதி இலண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று தமக்கையார் சொல்லிப் பார்த்தார்; பிள்ளை மனம் நோவான் என்பது அவர் கவலை. "சொல்லாமல் விட்டபடியாத்தானே அக்கா இவ்வளவும்" என்றார் தம்பி. நடந்ததை முதலிலிருந்து சொன்னார். தாம் நட்டுகளை இறுக்காததையும் மறைக்கவில்லை. மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பின்பு தாயாரிடம் தொலைபேசியைக் கொடுக்கும்படி மருமகன் கேட்டான். அவர்கள் பேசியதைக் கேட்காதிருப்பதற்காகச் சாரதி முற்றத்துக்குப் போனார்.

தமக்கையாரின் இருதய நோய் அப்படியே இருக்கின்றது. குமட்டலும் தலையிடியும் கார்த்திகையோடு நின்றன. 2024 ஆனியில் மருமகன் மீண்டும் வந்தான். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டவுடன் முதல் வேலையாகக் காரின் மூடியைத் திறந்து, கொண்டுவந்த அளவுச் சாவியால் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். மாமனார் மூன்று முறை இறுக்கிப் பார்த்த நட்டுகள்தாம். ஐந்து அசையவில்லை, ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. அதனையும் அளவுக்கு இறுக்கிவிட்டு மூடியைச் சாத்தினான்.

மறுநாட் காலை மூவரும் நயினாதீவுக்குப் புறப்பட்டார்கள். வாணர் தாம்போதியில் ஏறியதும் இரு பக்கமும் கடல். சோளகம் உரத்து வீசியது. தமக்கையார் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியை உயர்த்தலாமா என்று கேட்டார். முன்னிருக்கையிலிருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உயர்த்துங்கோ அம்மா" என்றான் மகன்.